அத்தான் வண்டியில் ஐந்து கோடுகள்

என் அக்காவின் கணவரிடம், அதாவது என் அத்தானிடம், ஒரு பழைய பெரிய கார் இருக்கிறது. வெளியே பார்த்தால் சாதாரண வெள்ளை வண்டி. கதவைத் திறந்தால்தான் அதன் கர்வம் தெரியும். டேஷ்போர்டின் குறுக்கே, இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரைக்கும், ஒரு சாண் அகலத்துக்கு நிஜ மரம். கரும்பழுப்பு நிறம், உள்ளே சுழி சுழியாக ரேகை, மேலே கண்ணாடி போல வார்னிஷ். பிளாஸ்டிக்கில் மரம் மாதிரி அச்சடித்து ஒட்டியதோ என்று சிலர் கேட்பார்கள். அச்சடித்து ஒட்டியதென்றால் எனக்குத் தெரியாதா? சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் பதினெட்டு வருடம் செக்கிங் டேபிளில் நின்றவள் நான்.

விருதுநகரில் அத்தான் வீட்டுக்கு யார் போனாலும் அந்த மரத்தைத் தொடக்கூடாது. முன்சீட்டில் உட்காருகிறவர் சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். மோதிரக் கையை மடக்கிக்கொள்ள வேண்டும். காலையில் அத்தான் பல் தேய்த்த கையோடு பழைய பனியன் துணியால் அதைத் துடைத்துவிட்டுத்தான் காபிக்கு வருவார். அக்கா சொல்லுவாள், "என்னைக் கட்டும்போது கூட இம்புட்டு அக்கறையாப் பாக்கல."

அந்த வண்டியைத்தான் அவர் என்னிடம் கொடுத்தார். கொடுத்தார் என்று சொல்வது பெரிய வார்த்தை. அக்கா வாங்கிக் கொடுத்தாள்.

பிரஸ்ஸை விட்டுவிட்டு நானே காலண்டர் ஆர்டர் பிடிக்க இறங்கியிருந்தேன். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடத்துக் காலண்டர் டிசைன்கள் அடங்கிய ஆல்பம் வெளியாகும். அன்றிலிருந்து தீபாவளி வரை ஊர் ஊராக, கடை கடையாக அலைய வேண்டும். என் ஸ்கூட்டரில் ஆல்பமும் மாதிரிக் காலண்டர் கட்டும் சேர்ந்து ஏறாது. பஸ்ஸில் போனால், வேனில் வரும் ஆம்பளை ஏஜெண்டுகள் எனக்கு முன்னால் கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். போன சீசன் அப்படித்தான் போயிற்று. "பொம்பளையாள் எதுக்கும்மா இந்த வெயில்ல" என்று ஒரு மிளகாய் மண்டிக்காரர் அனுதாபமாகச் சொன்னார். அந்த அனுதாபம் இன்னும் என் வயிற்றில் கிடக்கிறது.

இந்த வருடம் கோயம்புத்தூரில் இருக்கும் மகள் வீட்டில் பேரனுக்குக் காது குத்து என்று அக்காவும் அத்தானும் இரண்டு வாரம் கிளம்பினார்கள். ரயிலில் போகிறார்கள், வண்டி சும்மா நிற்கும். அக்கா எனக்காகப் பேசினாள். அத்தான் மூன்று நாள் யோசித்தார். "அவ பொறுப்பா வச்சுக்கிடுவா, அதுக்கு நான் ஆச்சு" என்று அக்கா வாக்குக் கொடுத்த பிறகுதான் சாவி வந்தது. பத்திரமாகத் திரும்பி வந்தால் சீசன் முழுக்க வாரத்தில் மூன்று நாள் வண்டி எனக்கு என்பது பேச்சு.

முதல் வாரம் ராஜாத்தி மாதிரி திரிந்தேன். காரியாபட்டியில் பாத்திரக்கடை, விருதுநகரில் பருப்பு மண்டிகள், எண்ணெய்க் கடைகள். வண்டியிலிருந்து இறங்கும் விதத்தைப் பார்த்தே நாற்காலி போட்டார்கள். சனிக்கிழமை ஆலங்குளம் பக்கம், சிமெண்ட் ஏஜென்சிகளைப் பார்க்கப் போனேன். அங்கேதான் கெட்டது.

காலண்டர் தொழிலில் இருப்பவர்களுக்குக் கையோடு ஊறிய ஒரு பழக்கம் உண்டு. மாதக் காலண்டருக்கு மேலும் கீழும் தகரப்பட்டி அடித்திருக்கும். கட்டைப் படுக்கப்போட்டால் பாரத்தில் அந்தப் பட்டி வளைந்துவிடும். வளைந்த மாதிரியைக் கடைக்காரர் கையில் கொடுத்தால் ஆர்டர் போச்சு. ஆகவே நிறுத்தித்தான் வைப்போம். குழந்தையைக் கூட எங்கேயாவது படுக்கப் போடுவோம், காலண்டரைப் போடமாட்டோம். அன்றைக்குப் பின்சீட்டு முழுக்க ஆல்பம். மாதிரிக் கட்டை முன்சீட்டில் நிறுத்தி, சாயாமல் இருக்க டேஷ்போர்டில் முட்டுக் கொடுத்து வைத்தேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்ப் போய்க் குண்டும் குழியுமான ரோடு. போகவர முக்கால் மணி நேரம் அந்தத் தகரப்பட்டிகள் அத்தானின் மரத்தை ரம்பம் மாதிரி அறுத்துக்கொண்டே வந்திருக்கின்றன. நான் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓட்டினேன்.

வீட்டுக்கு வந்து காலண்டர் கட்டை எடுத்தபோதுதான் பார்த்தேன். ஐந்து கோடுகள். நான்கு மெலிசு. ஐந்தாவது விரல் நீளம், வெள்ளையாக, நடுவில். காலண்டர் ஒன்றுகூட வளையவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பதினெட்டு வருடம் தாளைச் சாய்த்துப் பிடித்து ட்யூப்லைட் வெளிச்சத்தில் மயிரிழைக் கோட்டைக் கண்டுபிடித்து எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். இன்று கண்முன்னால் கோடு போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். அத்தான் பார்த்தால் வண்டி போகும். வண்டி போனால் சீசன் போகும். எல்லாவற்றுக்கும் மேலே, அக்காவின் வாக்கு போகும். அதை அவர் சாகும்வரை சொல்லிக்காட்டுவார். அடுத்த சனிக்கிழமை காலையில் வருகிறார்கள். எனக்கு ஒரு வாரம் இருந்தது.

பிறந்தது விருதுநகர் ஆயிற்றே, முதலில் கை போனது நல்லெண்ணெய்க்குத்தான். எங்கள் ஊரில் தலைவலிக்கு எண்ணெய், கதவு கிறீச்சிட்டால் எண்ணெய், குழந்தை அழுதால் எண்ணெய். பஞ்சில் நனைத்துத் தடவினேன். கோடுகள் மாயமாக மறைந்தன. இவ்வளவுதானா என்று நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் மத்தியான வெயிலில் கதவைத் திறந்தால், மரம் வியர்த்துக்கொண்டிருக்கிறது. எண்ணெய் வெளியே வந்து, அதில் ரோட்டுத் தூசி போய் ஒட்டி, வெள்ளையாக இருந்த கோடுகள் கறுப்பாகியிருந்தன. உள்ளே தாளித்த வாசம் வேறு.

அடுத்தது இன்னும் மோசமாகப் போயிருக்கும். பிரஸ்காரர்களுக்கு எந்த அழுக்கானாலும் இங்க்கைக் கரைக்கிற தின்னர்தான். பாட்டிலை எடுத்துத் துணியை நனைத்தும்விட்டேன். செக்கிங் டேபிள் புத்தி நல்லவேளையாகத் தடுத்தது. எந்த வேலையையும் முதலில் கழிவுத் தாளில் பார்க்க வேண்டும். அதே மரத்தில் செய்த ஆஷ்ட்ரே மூடியின் உள்பக்கம், யாரும் பார்க்காத ஓரத்தில் ஒரு பொட்டுத் தொட்டேன். வார்னிஷ் பாகு மாதிரி பிசுபிசுத்தது. பாட்டிலை மூடி வைத்துவிட்டேன்.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். ஒரு மெக்கானிக்கிடம் கேட்டால், "பலகையையே மாத்தணும், இந்த வண்டிக்குப் பலகை கிடைக்காதும்மா" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். மாற்ற வேண்டும், மாற்ற முடியாது. இதைக் கேட்க அவர் எதற்கு? கோபத்தில் வீட்டுக்கு வந்து, கோட்டின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பார்த்தேன். மெல்லிய நான்கில் நகம் வழுக்கிப் போயிற்று. அப்படியென்றால் காயம் மேலே இருக்கும் வார்னிஷில் மட்டும்தான். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. லேமினேஷன் மேல் கோடு விழுந்தால் உள்ளே அச்சு அப்படியே இருக்குமே, அதே கதை. ஐந்தாவதில் நகம் மாட்டியது. அது மரம் வரைக்கும் இறங்கியிருந்தது.

அந்த நகம் மாட்டிய கணத்திலிருந்து எனக்குப் பயம் விட்டுப்போயிற்று. இது அத்தான் வண்டி, அக்கா வாக்கு என்பதெல்லாம் ஒரு பக்கம் போய், இது என் வேலை என்று ஆகிவிட்டது.

பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு, ஒரு கிண்ணம் தண்ணீர். துணியைப் பிழிந்து பிழிந்து ஏழெட்டு முறை துடைத்து எண்ணெயை எடுத்தேன். சுற்றிலும் காகிதப் பசைநாடா ஒட்டினேன். பெயிண்ட் கடையில் இருப்பதிலேயே மெல்லிசான உப்புத்தாள், இரண்டாயிரம் நம்பர் வாட்டர் பேப்பர் வாங்கி, பள்ளிக்கூடத்து அழிரப்பரில் சுற்றி, சோப்புத் தண்ணீரில் நனைத்து, ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்தேன். அழுத்தக்கூடாது. பேப்பரின் கனம்தான் வேலை செய்ய வேண்டும். பத்து நிமிடத்தில் கோடுகள் போயின. கூடவே பளபளப்பும் போயிற்று. அந்த இடம் முழுக்கப் பனி மூடின மாதிரி வெளுத்துக் கிடந்தது. அந்த நேரத்தில் யாராவது வந்து பார்த்திருந்தால் என்னை அடித்தே கொன்றிருப்பார்கள். கார் பாலிஷைப் பனியன் துணியில் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். தோள் விட்டுப்போகும் அளவுக்குத் தேய்த்த பிறகு, உள்ளேயிருந்து சுழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. நான்கு கோடும் இருந்த இடம் தெரியவில்லை.

ஐந்தாவதுதான் என் வேலை. உள்ளே தெரிந்த வெள்ளைக்கு நிறம் கொடுக்க வேண்டும். கடையில் விற்கும் எந்தப் பிரவுனும் அந்தப் பிரவுன் இல்லை. பழைய பிரஸ்ஸுக்குப் போய் மஞ்சள், சிவப்பு, கறுப்பு மூன்று இங்க்கும் கடுகளவு தாளில் மடித்து வாங்கி வந்தேன். மஞ்சளில் சிவப்பு, அதில் ஊசி முனையால் கறுப்பு. ஒரு நிறத்தைச் சேர்க்குமுன் அதை எந்த வெளிச்சத்தில் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்க வேண்டும்; ட்யூப்லைட்டில் சேர்ந்த நிறம் வெயிலில் விலகி நிற்கும். அத்தான் பார்ப்பது காலை வெயிலில். ஆகவே மறுநாள் ஏழு மணிக்கு வண்டியைக் கிழக்குப் பார்த்து நிறுத்தி, அந்த வெயிலிலேயே கலந்தேன். ஆறாவது கலவை மரத்தோடு சேர்ந்தது. பல்குத்தும் குச்சியால் கோட்டின் அடியில் மட்டும் தொட்டு, மேலே வழிந்ததைத் துடைத்துவிட்டு, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன்.

பிறகு மரச்சாமான்களுக்குப் பூசும் தெளிந்த லாக்கர். அந்த டப்பாவைத் திறக்குமுன் அடுப்பை அணைத்தேன். பட்டாசு ஊரில் வாழ்கிறவர்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்டியைத் தெருவில் நிறுத்தி, நான்கு கதவும் திறந்து வைத்து, குச்சி முனையில் ஒரு சொட்டு. காய்ந்தால் சொட்டு உள்ளே அமுங்கும். மறுபடி ஒரு சொட்டு. சிவகாசி வெயிலைத் திட்டாத நாள் கிடையாது, ஆனால் ஈரமே இல்லாத அந்த வெயில்தான் பட்டாசையும் அச்சையும் காப்பாற்றுகிறது. என் லாக்கரையும் காப்பாற்றியது. புதனும் வியாழனுமாகப் பதினொரு முறை சொட்டு வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "காருக்குக் கண்ணுல மருந்து விடுறீகளாக்கும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை, மேடாக நின்ற லாக்கரை வாட்டர் பேப்பரால் சமமாக்கி, பாலிஷ் போட்டேன். நகத்தை ஓட்டினேன். வழுக்கிக்கொண்டு போனது. கன்னத்தை மரத்தோடு ஒட்டி, சாய்த்துப் பார்த்தேன். வெளிச்சம் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை உடையாமல் ஓடியது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

சனிக்கிழமை காலை அக்காவும் அத்தானும் விருதுநகரில் ரயில் இறங்கி, நேரே பஸ் ஏறிச் சிவகாசியில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அக்கா உள்ளே வந்தாள். அத்தான் செருப்பைக்கூடக் கழற்றாமல் வண்டிக்குப் போனார். கதவைத் திறந்து உட்கார்ந்து, இடமிருந்து வலமாக மரத்தின் மேல் உள்ளங்கையை ஓட்டினார். ஐந்து கோடுகளையும் கடந்து அந்தக் கை போனது. நிற்கவில்லை.

"நல்லா வச்சிருக்கம்மா" என்றார். வாசலுக்கு வந்து காபி கேட்டார்.

ஜெயித்துவிட்டேன். வண்டி நிச்சயம், சீசன் நிச்சயம், அக்காவின் தலை நிமிர்ந்தது. காபி ஆற்றும்போது அந்தச் சந்தோஷம் இரண்டு நிமிடம் இருந்தது. பிறகு அவர் சொன்னது மறுபடி காதில் விழுந்தது. நல்லா வச்சிருக்கம்மா. துணி போட்டு மூடி வைத்தவளிடம் சொல்லும் வார்த்தை அது. என் கையால் செய்ததிலேயே ஆகச் சிறந்த வேலை அந்தப் பலகையில் இருக்கிறது. ஒரு மனிதர் அதன் மேல் கையையே வைத்துவிட்டு, சர்க்கரை கம்மியாகப் போடச் சொல்கிறார். பதினெட்டு வருடம் கோடில்லாத தாள்களைத்தான் அனுப்பினேன். ஒரு கோடு தப்பினால் முதலாளி அறைக்குக் கூப்பிடுவார். கோடே இல்லையென்று யாரும் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அதெல்லாம் அப்போது உறைக்கவில்லை. இப்போது உறைத்தது.

டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, "அத்தான், அந்த மரத்துல அஞ்சு கோடு போட்டுட்டேன்" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. அத்தான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், செல்போன் டார்ச்சை அடித்தார். நான் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன்.

"எங்கன?"

"நீங்களே பாருங்க."

"இதா?"

"அது மரத்தோட ரேகை."

"இது?"

"அதுவும் ரேகைதான்."

வியர்க்க வியர்க்கத் தேடினார். கடைசியில் நானே விரலை வைத்துக் காட்டினேன். தகரப்பட்டி, நல்லெண்ணெய், இங்க்கு, பதினொரு சொட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். அந்த இடத்தில் நகத்தை ஓட்டினார். இன்னொரு முறை ஓட்டினார். முகத்தில் கோபமா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

"சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. பெறகு ஏன் சொன்ன?"

"பயந்துக்கிட்டுச் சொல்லல அத்தான். நல்லா வந்திருக்கு. யாராவது பாக்கணும்ல."

அவர் டார்ச்சை அணைத்தார். சுற்றிப் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். கிளம்பப்போகிறார், வண்டி இதோடு சரி என்று நினைத்தேன். ஸ்டீயரிங்குக்கு வலது பக்கம், மரத்தின் ஓரத்தில் ஒரு முருகன் ஸ்டிக்கர் இருக்கும். அதன் ஓரத்தை நகத்தால் மெதுவாக நெம்பி, கிழியாமல் முழுசாக எடுத்து, கண்ணில் ஒற்றி, முன்கண்ணாடி மூலையில் ஒட்டினார். ஸ்டிக்கர் இருந்த இடத்தில் ஒரு கோடு இருந்தது. என்னுடைய ஐந்தாவதை விட நீளம், ஆழம்.

"வண்டி வாங்குன வாரம்," என்றார். "கையில வாட்ச் கட்டியிருந்தேன்."

அக்கா வாசலிலிருந்து இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள். "வண்டி ஏறும்போதெல்லாம் அதைத்தானே பாத்துக் கும்பிடுறேன். சாமிய ஏன் இங்கன ஓரத்துல ஒட்டியிருக்கீகன்னு கேட்டதுக்கு, தெச பாத்து ஒட்டுனதுன்னு சொன்னீகளே."

அத்தான் அவளைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்து, "நகத்தை வச்சுப் பாரு" என்றார். வைத்தேன். மாட்டியது.

"எம்புட்டு நாளாகும்?"

என் கணக்கில் ஆறு நாள். இந்த வெயிலுக்கு நாலே நாள் கூடப் போதும்.

"சீசன் முடியிற வரைக்கும் ஆகும் அத்தான்" என்றேன்.

அக்காதான் முதலில் சிரித்தாள். அவர் இறங்கி வந்து, சாவியை என் கையில் கொடுத்தார். காலண்டர் கட்டைப் பின்சீட்டில் பெட்ஷீட் விரித்து நிறுத்தச் சொன்னார். பையைத் தூக்கிக்கொண்டு இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள்.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் வண்டியில் ஏறி உட்கார்ந்து அந்தக் கோட்டை மறுபடி பார்த்தேன். கட்டின மனைவியிடம்கூட மறைத்து வைத்திருந்தது. எத்தனையோ வருடம் கோடு கண்டுபிடித்துத்தான் எனக்குச் சோறு. எல்லாம் நானாகத் தேடிப் பிடித்தவை. ஒருவர் தானாகக் கொண்டுவந்து என்னிடம் காட்டிய முதல் கோடு அதுதான்.